ஒரு கிளாக்கரின் இன்கிறிமென்டும் எங்கள் முதல் வருடமும்

முதல் வருடப் பிள்ளைகளுக்கு அரசறிவியலை எங்கே தொடங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் சொல்வது, ஒரு கிளாக்கரின் இன்கிறிமென்டில், அதாவது வருடாந்தச் சம்பள ஏற்றத்தில் தொடங்குங்கள் என்றுதான். எங்களுக்கு அப்படித்தான் தொடங்கிவைத்தார்கள்.

1993இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதலாம் வருடம். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். உயர்தரத்தில் அரசறிவியல் படித்துவிட்டு வந்தவர்கள் நிறையப்பேர், அரிஸ்டோட்டிலின் ஆட்சி வகைப்பாட்டை நித்திரையிலும் ஒப்புவிப்பார்கள். நோட்ஸ் எழுதத் தயாராகக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். எங்கள் விரிவுரையாளர், நாங்கள் கூப்பிடுவது போல 'சேர்', வந்தார், கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "ஒரு கிளாக்கருக்கு இன்கிறிமென்ட் வெட்டுப்பட்டுப் போச்சு. வெட்டினது ஆர்?" என்று கேட்டார்.

மேலதிகாரி என்றார் ஒருவர். அவருக்கு அந்த அதிகாரத்தை ஆர் குடுத்தது? திறைசேரியின் சுற்றறிக்கை. அதுக்கு மேலே? சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் அரசகரும மொழிச் சட்டம். அதைப் போட்டது ஆர்? பாராளுமன்றம். பாராளுமன்றம் நினைச்சதெல்லாம் போடலாமோ? அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம்தான் சேர் கோடீஸ்வரன் வழக்கை எடுத்தார்.

இப்போதைய பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கோடீஸ்வரன் அரச எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை சித்தியடையாததால் 1962இல் அவருடைய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அப்போது நடைமுறையில் இருந்த அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது, ஆகவே இந்த மொழிச்சட்டம் செல்லாது என்பது அவர் வாதம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேன்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றமோ மொழிச்சட்டம் சரியா பிழையா என்ற பக்கமே போகாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு (அதாவது அரசுக்கு) எதிராக வழக்காட முடியாது என்று முடித்துவிட்டது. அன்றைக்கு எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் (Privy Council) 1969இல், வழக்காடலாம், மொழிச்சட்டம் செல்லுமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்மானம் வரவேயில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி 1971இல் மூடப்பட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பு சிங்களத்தை யாப்புக்குள்ளேயே அரசகரும மொழியாக வைத்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை.

சட்டத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை, யாப்பின் மேன்மை, பாராளுமன்ற இறைமை என்று ஒரு தவணை முழுக்கப் படிக்க வேண்டியது எல்லாம் அந்த ஒரு சம்பள ஏற்றத்துக்குள் இருந்தது. வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிவிட்டு உதாரணம் தேடுவது எங்கள் பழக்கம். சேர் ஒரு மனுசனின் சம்பளச் சீட்டிலிருந்து வரைவிலக்கணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இதுதான் சரியான வழி என்று இன்றைக்கும் படுகிறது.

அந்த வருடம் மே முதலாம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொழும்பில் கொல்லப்பட்டார். செய்தி எங்களுக்கு ரேடியோவில் வந்தது, அதுவும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ஓட்டிய ரேடியோ, சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் இழுபடும். அடுத்த வகுப்பில் சேரின் கேள்வி: "இப்ப ஜனாதிபதி ஆர்? எந்த உறுப்புரையின்படி?" 1978 யாப்பின் 40ஆம் உறுப்புரை அப்படித்தான் எங்களுக்குள் இறங்கியது. இடையில் வெற்றிடம் வந்தால் மக்கள் வாக்களிப்பதில்லை, பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரைத் தெரிவு செய்யும், அவர் மீதிக் காலத்துக்கு மட்டும் இருப்பார். மே 7இல் டி. பி. விஜேதுங்க அப்படித் தெரிவானார். அமெரிக்காவில் என்றால் துணை ஜனாதிபதி அப்படியே ஏறிவிடுவார், 1963இல் ஜோன்சன் ஏறியது போல. இந்தியாவில் துணைக் குடியரசுத் தலைவர் பதிலாகத்தான் இருப்பார், புதிய தேர்தல் வைக்க வேண்டும், 1969இல் சாகிர் உசேன் இறந்தபோது நடந்தது அதுதான். ஒப்பீட்டு அரசியல் என்ற பாடத்தின் பெயரே எங்களுக்குத் தெரியாத நேரத்தில் ஒப்பிடத் தொடங்கிவிட்டோம்.

இன்னொன்று, வீட்டு வேலையாகத் தந்தது. "உங்கட அப்பம்மா, அம்மம்மாவிட்டை முதல் வாக்குப் போட்ட கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ." எங்கள் அம்மம்மா, வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று பெட்டி வைத்த கதையைச் சொன்னார், அது 1936இல் அரசுக்கழகத்துக்கு (அன்றைய சட்டசபைக்கு) நடந்த தேர்தலாக இருக்கலாம். அதற்கு முந்திய 1931 தேர்தலை, முழுச் சுயாட்சி கேட்ட இளைஞர் அமைப்பான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததையும், வடக்கில் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்காததையும் சேர் வகுப்பில் சேர்த்துச் சொன்னார். பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை வந்து மூன்றே வருடத்தில், 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை. பகிஷ்கரித்தது சரியா பிழையா என்று கன்டீனில் மாலை வரை சண்டை. அதில் சத்தமாக வாதாடிய ஒருத்தி இன்று வன்னியில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறாள். போனில் கதைத்தபோது, தானும் கிளாக்கரில்தான் தொடங்குகிறேன் என்றாள்.

லண்டனுக்கு வந்து இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த காலத்திலேயே எனக்கு இங்கே வாக்காளர் அட்டை வந்தது. பொதுநலவாய நாட்டுப் பிரசை, இருக்க அனுமதியும் உண்டு என்றால் இங்கே வாக்களிக்கலாம். பக்கத்து அறையில் இருந்த தம்பி நம்பவில்லை. யார் தந்த உரிமை, எந்தச் சட்டம் என்று தேடிப்பார்க்கும் பழக்கம் அந்த முதல் வருடத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு குறை எங்களை அன்றும் வருத்தியது. தீர்ப்புகள் ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு வந்த முதல் வருடப் பிள்ளை அதைத் தொட்டால் இரண்டு பந்தியில் களைத்துப்போகும். சேர் சொன்னதை நம்பி எழுதினோமே தவிர, மூலத்தை எங்கள் கண்ணால் வாசிக்கவில்லை. அரசியல் படிக்கிறவர்கள் மூலத்தை வாசிக்காமல் நோட்ஸை நம்பிப் பழகுவது எனக்குப் பெரிய கவலை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு வருடமும் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது நல்ல விசயம். அதோடு இதையும் செய்வோம். கோடீஸ்வரன் வழக்கின் தீர்ப்புகள், 29ஆம் பிரிவு, பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957இன் பண்டா - செல்வா ஒப்பந்தம், மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம், இவ்வளவையும் தெளிவான தமிழில், கடினமான சொற்களுக்கு விளக்கத்தோடு ஒரு சிறு தொகுப்பாக அச்சிட்டு, புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் முதல் வாரமே கொடுக்க வேண்டும். நம்மில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நேரம் தரக்கூடியவர்கள் இந்தச் சங்க மலரைத் தொகுக்கும் குழுவிடம் பெயரைக் கொடுங்கள். கோமறைக் கழகத் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.