மைனஸ் இரண்டரைக்குள் இருக்கும் 40 சென்டிமீட்டர்

என் கண்ணாடிச் சீட்டில் பல ஆண்டுகளாக -2.50 என்றே எழுதப்பட்டு வருகிறது. அதைப் ‘பவர்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த எண் உண்மையில் ஒரு தூரத்தைக் குறிக்கிறது என்பது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழும் அளவு நாடாவுமாக உட்கார்ந்த ஒரு மாலையில்தான் எனக்கு உறைத்தது. தாளை மெல்லத் தள்ளிக்கொண்டே போனபோது, ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் எழுத்துகளின் ஓரம் கலையத் தொடங்கியது. ஒன்றை 2.5 ஆல் வகுத்தால் 0.4 மீட்டர்!

பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம்தான்: குவியத் தொலைவை, அதாவது லென்சிலிருந்து அதன் குவியப் புள்ளி வரையுள்ள தூரத்தை, மீட்டரில் அளந்து தலைகீழாக்கினால் லென்சின் திறன், அதாவது டயாப்டர், கிடைக்கும். என் குழிலென்சு தொலைவிலிருந்து வரும் ஒளியை விரித்து, அது 40 சென்டிமீட்டர் தொலைவிலிருந்தே புறப்பட்டதுபோல் காட்டுகிறது. கிட்டப்பார்வையுள்ள என் கண்ணுக்கு எட்டும் எல்லையும் அதுவே.

குவியத் தொலைவையே நேராக எழுதினால் என்ன என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான், அங்குலத்தில், எழுதினார்கள். அதில் வலுவான லென்சுக்குச் சிறிய எண் வந்தது. பாரிஸ் அங்குலமும் ஆங்கில அங்குலமும் வேறுவேறாக இருந்ததால் ஒரே எண் இரு நாடுகளில் இரு கண்ணாடிகளைக் குறித்தது. 1872-இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் பெர்டினாண்ட் மோனோயே டயாப்டரை முன்மொழிந்தார். அதன் பெரிய வசதி கூட்டல்தான்: கண் சோதனையின்போது அணிவிக்கும் சட்டகத்தில் +1.00, +0.50 லென்சுகள் இரண்டையும் ஒட்டி வைத்தால் +1.50, இதையே 100, 200 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் விடை 66.7 என்று மனக்கணக்கில் யாருக்கு வரும்?

ஆயினும் தொலைவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. -8.00 கண்ணாடி அணியும் நண்பர் ஒருவர், தமக்கு -7.25 காண்டாக்ட் லென்சு எழுதித் தந்தது பிழை என்றே நினைத்தார். கண்ணாடியின் குவியம் அதிலிருந்து 12.5 சென்டிமீட்டர், கண்ணாடி விழியிலிருந்து ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆகவே விழியின் மேலேயே அமரும் லென்சுக்குக் குவியம் 13.7 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். அதைத் தலைகீழாக்கினால் 7.30, லென்சுகள் கால் டயாப்டர் படிகளில் வருவதால் -7.25. என் -2.50-க்கு இந்தக் கணக்கு 2.43 என்றே வருகிறது, அதனால் என் சீட்டில் எதுவும் மாறவில்லை.