சீனப் பிள்ளைக்கு ‘ஓப்பன்’ சொல்லிக்கொடுக்கும்போது

பர்மாவின் யாங்கோன் நகரில், அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து மேற்கே சில தெருக்கள் நடந்தால் லத்தா, சீனர்களின் பேட்டை. இங்கே வீட்டுத் திண்ணையில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கும் நம் ஆட்களிடம் சீனப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் சீக்கிரமே காதில் விழக்கூடிய வாக்கியம் இது: ‘ஓப்பன் த லைட்’. ‘தப்பு, டர்ன் ஆன் சொல்லு’ என்று திருத்தினால் மறுநாள் ‘ஓப்பன் த ஃபேன்’ வரும். திருத்தியது ஒரு வாக்கியத்தை. கோளாறு இருப்பது அதற்கு அடியில் கிடக்கும் ஒரு சீன வினைச்சொல்லில்.

அந்தச் சொல் ‘காய்’. நம் முருங்கைக்காய் அல்ல. சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் குரலை உயரத்தில் வைத்து, ஏற்றாமல் இறக்காமல் சொல்ல வேண்டும். அதன் பழைய எழுத்தில் ஒரு வாசலும், தாழ்ப்பாளை நீக்கும் இரண்டு கைகளும் இருக்கின்றன. பிறப்பில் ‘திற’ என்பதுதான் பொருள், ஆனால் வளர்ந்தபின் அது செய்யாத வேலை இல்லை. காய் மென் என்றால் கதவைத் திற. காய் தெங், விளக்கைப் போடு. காய் ச்செ, வண்டி ஓட்டு. காய் ஹுவெய், கூட்டம் நடத்து. பூ மலர்வதும் காய், தண்ணீர் கொதிப்பதும் காய், டாக்டர் மருந்துச்சீட்டு எழுதுவதும் காய், கேலி பேசுவதும் காய். தென்சீன மொழிகளில், ஹொக்கியன் பேசும் வீட்டில் இது ‘க்குய்’, கான்டனீஸ் பேசும் வீட்டில் ‘ஹோய்’. விளக்குக்கு அங்கும் அதுவேதான்.

இதில் பர்மியமும் கூட்டுச் சேர்கிறது. கதவுக்கும் கடைக்கும் விளக்குக்கும் ரேடியோவுக்கும் பர்மியத்தில் ஒரே ‘ப்வின்’. ஆகவே ‘ஓப்பன் த லைட்’ என்ற பிள்ளை எந்த மொழியிலிருந்து அதை எடுத்தது என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வண்டி ஓட்டுவதை இங்கிலீஷில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். பர்மியத்தில் கார் ஓட்டுவதற்கு ‘மவுங்’ என்று தனிச்சொல் உண்டு. ‘ஹி ஓப்பன்ஸ் எ டாக்சி’ என்று வந்தால் அது சந்தேகமில்லாமல் சீனம். அந்தப் பிள்ளைக்குப் பர்மிய உதாரணம் காட்டிப் பயனில்லை, காய் என்ற சொல்லையே பிரித்துப் போட வேண்டும்.

(நாம் சிரிக்க வேண்டாம். ‘லைட்டைப் போடு’ என்பதை அப்படியே தூக்கி ‘புட் த லைட்’ என்று சொல்லும் பிள்ளைகள் நம் வீட்டிலும் உண்டு. ‘புட் ஆன்’ என்றால் சரி, அந்த ‘ஆன்’ விழுந்தால்தான் தப்பு.)

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இடைவெளி உண்டாகிறதா? கதவு, மூடி, பெட்டி, புத்தகம், வாய், கண், குடை எல்லாம் விரிந்து வழிவிடுகின்றன, ஆகவே ஓப்பன். மின்சாரமோ தண்ணீரோ கேஸோ ஓடத் தொடங்கினால் டர்ன் ஆன். சுவிட்ச் ஆன் மின்சாரத்துக்கு மட்டும், குழாய்க்கு ஆகாது. ‘ஓப்பன் த லேப்டாப்’ என்றால் மூடியைத் தூக்குவது. ‘ஓப்பன் த ஃபேன்’ என்றால் கேட்கிற வெள்ளைக்காரன் ஸ்குரூ டிரைவர் தேடுவான். செல்போன் ஆப், ஃபைல், பேங்க் கணக்கு மூன்றும் இந்தச் சோதனைக்குள் அடங்காமலே ஓப்பன்தான். இவற்றில் சீனமும் இங்கிலீஷும் ஒத்துப்போவதால் பிள்ளை தானாகவே சரியாகச் சொல்லிவிடும். சுடத் தொடங்குவதும் அப்படியே: சீனத்தில் ‘காய் ஹுவோ’, இங்கிலீஷில் ‘ஓப்பன் ஃபயர்’. இரண்டிலும் சொல்லுக்குச் சொல் ‘நெருப்பைத் திற’.

தொல்லை பாதி ஒத்துப்போகும் இடங்களில்தான். கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘த சேர்மன் ஓப்பன்ட் த மீட்டிங்’ இலக்கணப்படி சரி, ஆனால் தொடங்கிவைத்தார் என்று மட்டுமே பொருள். பிள்ளை சொல்ல நினைத்தது ‘ஹேவ் எ மீட்டிங்’. கடை இன்னும் மோசம். ‘மை ஃபாதர் ஓப்பன்ட் எ ஷாப் ஃபார் 20 இயர்ஸ்’ என்று எழுதும். திறப்பது ஒரு நாள் வேலை, இருபது வருஷம் செய்வது ‘ரன்’. காய் இரண்டையும் தாங்கும், ஓப்பன் தாங்காது.

டர்ன் ஆன் பழகியதும் அடுத்த சறுக்கல் வரிசையில். ‘டர்ன் ஆன் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆன்’ இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘டர்ன் இட் ஆன்’. ‘டர்ன் ஆன் இட்’ கிடையாது. சத்தத்தைக் கூட்டச் சொல்லும்போது ‘ஓப்பன் பிகர்’ என்று வரும், ஏனென்றால் சீனத்தில் ‘பெரிதாகத் திற’ என்பார்கள். அதற்கு ‘டர்ன் இட் அப்’.

இனி கடைவாசல் பலகை. ‘த ஷாப் இஸ் ஓப்பன்’, ஆனால் ‘த ஷாப் இஸ் க்ளோஸ்ட்’. ஒன்றில் ‘எட்’ இல்லை, மற்றதில் உண்டு. இங்கிலீஷின் இந்த ஓரவஞ்சனையைச் சொல்லிவிட்டு மனப்பாடம் செய்ய வைப்பதே நல்லது, விதி தேடி நேரம் போக்க வேண்டாம். ‘ஓப்பன்ட்’ என்றால் யாரோ திறந்த செயல், ‘ஓப்பன்’ என்றால் திறந்திருக்கும் நிலை. இங்கே பர்மியம் கைகொடுக்கும். கதவு தானாகத் திறந்து கிடந்தால் மூச்சில்லாத ‘ப்வின்’, ஒருவர் திறந்தால் மூச்சை ஊதிச் சொல்லும் ‘ப்வின்’. தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டும், நம் காதுக்கும் சிரமம், ஆனால் யாங்கோனில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வேறுபாடு தண்ணீர்பட்ட பாடு.

‘த ஷாப் இஸ் க்ளோஸ்’ என்று பிள்ளை வாயால் சொன்னால் உடனே இலக்கணத் தப்பு என்று கோடு போடாதீர்கள். மாண்டரின் அசை பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோதான் முடியும், ‘ஸ்ட்’ மாதிரிக் கடைசி ஒலிகள் நாவிலிருந்து நழுவிவிடும். எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் ‘எட்’ இருந்தால் அது உச்சரிப்புப் பயிற்சிக்கான விஷயம். எழுத்திலும் இல்லாவிட்டால்தான் பாடம்.

கடைசியாகத் தண்ணீர். கொதிக்கவைத்த நீரைச் சீனர்கள் ‘காய் ஷுவெய்’ என்பார்கள், திறந்த தண்ணீர். விருந்தாளியிடம் ‘டூ யூ வான்ட் ஓப்பன் வாட்டர்?’ என்று பிள்ளை கேட்கக்கூடும். ஆறிப்போயிருந்தால் ‘பாய்ல்ட் வாட்டர்’, சூடாக இருந்தால் ‘ஹாட் வாட்டர்’. இங்கிலீஷில் ஓப்பன் வாட்டர் என்பது கரை தெரியாத கடல்வெளி. டீ போட உதவாது.