காது மடல்

சரும நோய்ப் பிரிவில் நான் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் மனைவியோடு வந்தார். முன்கையிலும் தொடையிலும் சிவந்த கட்டிகள், கூடவே காய்ச்சல். வீட்டில் சூட்டுக் கட்டி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்திருந்தார்கள். வெளியே பார்த்த இரண்டு டாக்டர்களும் சிமென்ட் அலர்ஜி என்று எழுதியிருந்தார்கள். அன்று ஓ.பி.யில் நல்ல கூட்டம். நானும் அதையே எழுதி அனுப்பிவிட்டேன்.

இன்றும் அது உறுத்துகிறது. கொத்தனார் என்று கேட்டதுமே என் மனம் முடிவு கட்டிவிட்டது. சிமென்டிலுள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமையில், சிமென்ட் படும் கைகளிலும் பாதங்களிலும் தோல் தடித்து வெடிக்கும், அரிப்பு தாங்காது. இவருக்கு அரிப்பே இல்லை. தொட்டால் வலித்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார். வேலைக்கே போகாமல் இருந்தும் புதுக் கட்டிகள் கிளம்பியிருந்தன. "அந்தச் சின்ன மாத்திரை போட்டா அமுங்கிடுது மேடம், நிறுத்தினா திரும்ப வந்துடுது" என்றார். வெளியே கொடுத்த ஸ்டீராய்டு அது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளிச்சத்தில் காது மடல் தடித்துப் பளபளத்தது. புருவங்களின் ஓரத்தில் முடி இல்லை. முழங்கையின் உட்புறம் தடவினேன். நரம்பு கயிறு போல விரலுக்கடியில் உருண்டது.

"செருப்பு கழன்றா தெரியுதா அண்ணே?"

மனைவி முந்திக்கொண்டார். "பஸ் ஏறி உக்காந்தப்புறம்தான் பாப்பாரு மேடம், ஒரு கால்ல செருப்பு இருக்காது."

காது மடலில் லேசாகக் கீறி எடுத்த மாதிரியைச் சாயமேற்றிப் பார்த்தோம். தொழுநோய்க் கிருமிகள் சிவப்பாக, கற்றை கற்றையாகத் தெரிந்தன.

உணர்ச்சியற்ற தேமலைத்தான் எல்லோரும் தேடுகிறோம். கிருமி மிகுந்த வகையில் அப்படி ஒரு தேமல் இல்லாமலே போகலாம். கிருமியின் சிதைவுகளை உடல் எதிர்க்கும்போது இப்படி வலிக்கும் கட்டிகளும் காய்ச்சலும் வரும். சிகிச்சைக்கு முன்பும் வரலாம், நடுவிலும் வரலாம். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. நோயே போய்விட்டது என்று மருத்துவர்களும் நம்பிவிட்டோம். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னமும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

நோயின் பெயரைச் சொன்னதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "பையனைத் தூக்கலாமா மேடம்?" என்றார். தாராளமாகத் தூக்குங்கள், மருந்து தொடங்கிய சில நாளிலேயே பரவுவது நின்றுவிடும் என்றேன். வீட்டிலிருந்த எல்லோரையும் வரவழைத்துப் பரிசோதித்தோம். யாருக்கும் எதுவும் இல்லை.

மூன்று மருந்துகள் சேர்ந்த அட்டை, 12 மாதம், இலவசம். மூன்றாம் மாதம் கட்டிகள் மறுபடி கிளம்பியதும், மருந்துதான் சேரவில்லை என்று பத்து நாள் நிறுத்திவிட்டார். கட்டிக்குத் தனியாக ஸ்டீராய்டை அளவாகக் கொடுத்து மெல்லக் குறைப்போம், அட்டை மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அட்டையிலுள்ள மூன்று மருந்துகளில் ஒன்றான குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். ஏழாவது மாதம் வந்தபோது முகம் நன்றாகக் கறுத்திருந்தது. மறுபடி சாரம் ஏற ஆரம்பித்திருந்தார்.

"ஏன் இப்படிக் கறுத்துட்டேன்னு சித்தாள் கேட்டுச்சு. வெயில்னு சொல்லிட்டேன் மேடம்" என்றார்.