டிரெஸ் கோடு போட்ட இடத்துக்கு வேட்டி கட்டிப் போவது

கிளப்பில் இரவு விருந்து, நட்சத்திர ஹோட்டலில் ரிசப்ஷன். அழைப்பிதழின் அடியில் 'ஃபார்மல்' என்று ஒரு வரி. வேட்டியில் போகலாமா?

தாராளமாகப் போகலாம். வேட்டி கட்டி வந்தவரைக் கிளப் வாசலில் நிறுத்திய விவகாரம் 2014-இல் தமிழ்நாடு சட்டசபை வரை போய், அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது. வேட்டியையோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையையோ காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் உடையைக் கண்ணியமாக அணிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். ஜரிகை எத்தனை விரல் அகலம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. இடுப்பில் நழுவுகிறதா, நடக்கும்போது முன்பக்கம் பிரிகிறதா, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே தெரிகிறதா, கீழ்க்கரை தரையில் இழுபடுகிறதா: பார்ப்பவர் கண் போவது இந்த நாலுக்கும்தான்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட்டில் எட்டு கெஜம் கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாகத் தைத்து, தோல் வாரும் பக்கிளும் வைத்து இடுப்பில் பூட்டிவிடுகிறார்கள். நம் வேட்டிக்குத் தையலும் இல்லை, பூட்டும் இல்லை. துணிமேல் துணி உரசிப் பிடிக்கும் பிடிப்பில்தான் நிற்கிறது. அதனால் துணி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பருத்தி பிடிக்கும். பட்டு வழுக்கும். ஆர்ட் சில்க்கும் பாலியெஸ்டர் கலந்ததும் அதைவிட வழுக்கும். பெல்ட் இல்லாமல் அவற்றை நம்ப வேண்டாம். வெண்பட்டு முகூர்த்தத்துக்கு அழகுதான். ஆனால் மூன்று மணி நேரம் நின்று, உட்கார்ந்து, தட்டு ஏந்தி நடக்கிற விருந்துக்கு நான் சொல்வது 80 அல்லது 100 கவுன்ட் பருத்தி, அரை அங்குலக் கரை, இரட்டை வேட்டி. கவுன்ட் கூடினால் நூல் மெலிதாகும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். கூடவே ஊடுருவித் தெரிவதும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முழம் என்பது 18 அங்குலம். நாலு முழம் என்றால் ஏறக்குறைய 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66. கவரின்மேல் 3.60 என்றோ 4.00 என்றோ போட்டிருக்கும். இரட்டை வேட்டியை இரண்டாக மடித்துத்தான் கட்டுகிறோம். அதனால் எட்டு முழம் என்பதால் சுற்றளவு கூடுவதில்லை, கனம் மட்டும்தான் கூடுகிறது. 3.60 வேட்டியை மடித்தால் 1.80. பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 46 அங்குலம், அதாவது 117 சென்டிமீட்டர் உள்ளவருக்கு முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மூடுவது 63 சென்டிமீட்டர்தான். படி ஏறினால் பிரியும். அதே ஆள் 4.00 வாங்கினால் 83 கிடைக்கும், பிரியாது. 40 அங்குலத்துக்குள் இருப்பவருக்கு 3.60 போதும், நீளம் மிஞ்சினால் முன்னால் துணி குவியும்.

அகலம் பெரும்பாலும் 1.25 மீட்டரை ஒட்டியே வரும். ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பவருக்கு இடுப்பில் ஏறக்குறைய ஓர் அடிக்குத் துணி மிஞ்சும். அத்தனையையும் சுருட்டினால் சட்டைக்கு அடியில் வயிறு முட்டியதுபோலத் தெரியும். மேல் ஓரத்தை ஒரு ஜாண் உள்பக்கமாகத் தட்டையாக மடித்து இஸ்திரி போட்டுவிட்டு, அதற்குமேல் சுருட்டுங்கள். சுருள் மெலிதாகவும் இறுக்கமாகவும் வரும்.

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வேட்டி எடுக்கப் போனால் பகலில் போங்கள். வெள்ளையில் நீலம் ஓடும் வெள்ளை உண்டு, பழுப்பு ஓடும் வெள்ளை உண்டு. கடையின் டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். சட்டையும் வேட்டியும் தனித்தனியாக எடுப்பதாக இருந்தால் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். க்ரீம் வேட்டிக்குப் பளீர் வெள்ளைச் சட்டை போட்டால் வேட்டி அழுக்கேறியதுபோலத் தெரியும். மாதிரி வேட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லி, மடித்த இரண்டு அடுக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் விரலாகத் தெரிந்தால் மண்டப விளக்கில் கால்சட்டையின் ஓரமும் தெரியும். உள்ளே முழங்கால் வரை வரும் கால்சட்டை, உடல் நிறத்திலோ வெளிர் சாம்பல் நிறத்திலோ போடுவது நல்லது. வெள்ளைத் துணிக்கு அடியில் வெள்ளைதான் நல்லது என்று தோன்றும். உண்மையில் வெள்ளையின் ஓரம் தோல் நிறத்திலிருந்து பிரிந்து பளிச்சென்று தெரியும்.

கரை நிறத்திலும் கவனம் வேண்டும். கறுப்பு சிவப்பு, கறுப்பு வெள்ளை சிவப்பு எல்லாம் கட்சிக் கரை; போகும் இடத்தில் அப்படித்தான் படிக்கப்படும். மெல்லிய பொன்னிறக் கரையோ ஒற்றை நிறக் கரையோ எங்கும் உறுத்தாது.

புது வேட்டியில் இருக்கும் மொடமொடப்பு ஆலைக் கஞ்சி. முதல் சலவையில் போய்விடும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வெறும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், ஜரிகை சுருங்காது. அதனால்தான் கரையோரம் சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கம் ஈரம் லேசாக இருக்கும்போதே இழுத்து நீவி, உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் பெரும்பாலும் அடங்கும். விலை குறைந்த ஜரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், சூட்டில் உருகும். வண்டியில் கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பவரிடம் கொடுத்தால் 'ஜரிகையைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு துணி விரிச்சுத் தேய்ங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கஞ்சி போட்ட வேட்டியை முந்தின வாரமே தேய்த்து வைப்பது ராயபுரம், காசிமேடு பக்கம் வேலைக்காகாது. கடற்காற்றின் ஈரத்தைக் கஞ்சி இழுத்துக்கொண்டு துவண்டுவிடும். அன்று காலையிலேயே தேய்க்கக் கொடுங்கள்.

கட்டும்போது முதலில் செருப்பு. செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டினால்தான் உயரம் சரியாக அமையும். தோல் செருப்பு, பின்வார் இருந்தால் இன்னும் நல்லது. ரப்பர் செருப்பு வேண்டாம். சில இடங்களில் மூடிய ஷூதான் கேட்பார்கள். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். காலை ஒட்டி வைத்து இறுக்கினால் முதல் படியிலேயே செருகல் பிடுங்கிக்கொண்டு வரும். மடித்த வேட்டியின் இரண்டு அடுக்குக் கரையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இரட்டைக் கோடு தெரியும். உள்முனையை இடது இடுப்பெலும்பின்மேல் செருகி, வெளிமுனையை இழுத்து வலப்பக்கம் கொண்டுபோய்ச் செருகுங்கள். கீழ்க்கரை கணுக்காலை மூடி, தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு மேல் ஓரத்தை வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுருட்டு. பச்சை பெல்ட்டைச் சுருளுக்குச் சற்றுக் கீழே கட்டி, சுருளை அதன்மேல் இறக்கிவிட்டால் பெல்ட் தெரியாது. போன், பர்ஸ் எல்லாம் அதன் பைக்குள் போகும். இடுப்பில் போனைச் செருகுவதுதான் வேட்டி அவிழ்வதற்கு முதல் காரணம்.

ஒட்டிக்கோ வேட்டி பழக்கமில்லாதவர்களுக்கு நல்ல உதவி. அதில் பார்க்க வேண்டியது ஒட்டும் பட்டையின் நீளம். நின்றபடி ஒட்டிப் பார்த்தால் போதாது. தாழ்வான சோபாவில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், வயிறு விரியும்போது பட்டை ஓரத்திலிருந்து உரியும். பஞ்சு சேர்ந்த பட்டை பிடிக்காது, பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். இதற்கும் மேலே ஒரு பெல்ட் போட்டால் நிம்மதி.

சட்டை முழுக்கையாக, காலருடன், இடுப்புச் சுருளை மூடி ஒரு ஜாண் கீழே இறங்க வேண்டும். உள்ளே செருக வேண்டாம்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து பைக்கில் வருவதாக இருந்தால் வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே கட்டுங்கள். கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி கீழ்க்கரையில் கறுப்பாகப் படியும், செயினிலும் மாட்டும். மெட்ரோவில் வந்தால் எஸ்கலேட்டரின் நடுவில் நின்று, முன்பக்கத்தை இடது கையால் நாலு விரல் தூக்கிப் பிடியுங்கள். துணி சிக்குவது ஓரத்திலும் மேலே முடியும் சீப்புப் பல்லிலும்தான். தெருவில் மழைத்தண்ணீர் இருந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு வருவதில் தப்பில்லை, வாசலுக்கு முன்பே இறக்கிவிட்டால் சரி. சாப்பிட உட்காரும்போது பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை நீவிவிட்டு உட்கார்ந்தால் சுருக்கம் விழாது, செருகலும் இழுபடாது.

வீட்டுக்கு வந்ததும் வியர்வையோடு மடித்து வைக்க வேண்டாம், அந்த இடம் பழுப்பேறும். சாம்பார் பட்டிருந்தால் உடனே பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு வெயில். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும். ஜரிகை வேட்டியை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை அந்த இடத்தில்தான் முதலில் அறும்.