காற்றில் இருக்கும் தண்ணீர்: ஓர் அருங்காட்சியகப் பராமரிப்பு நாட்குறிப்பு

மே 7

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அறங்காவலர் குழுவிடமிருந்து இன்று வந்த கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. எங்கள் பொறுப்பில் உள்ள எல்லாக் கட்டடங்களின் மின்செலவையும் குறைப்பதற்கான திட்டத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன் தர வேண்டும் என்பது முதல் வரி. காட்சிப்பொருள் எதற்கும் தீங்கு நேரக் கூடாது என்பது இரண்டாவது. அலுவலகக் கட்டடமாக இருந்தால் மாலையில் குளிர்நீர் தரும் சில்லர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். வெண்கலச் சிலைக்கும் ஓலைச்சுவடிக்கும் அலுவலக நேரம் கிடையாது.

சென்னையில் எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுகிறார்கள். அருங்காட்சியகத்தைப் பராமரிப்பவனுக்கு வெயில் இரண்டாம் பகைதான். முதல் பகை காற்றில் கரைந்திருக்கும் நீர். கோடையிலும் மழைக்காலத்திலும் இந்த ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காட்சிக்கூடத்தை 24 டிகிரியிலும் 50 சதவீத ஒப்பு ஈரப்பதத்திலும் வைக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13 டிகிரிக்கு இறங்க வேண்டும். அந்த அளவுக்கு நீரைப் பிழிந்தெடுக்க ஏ.எச்.யூ. என்ற காற்றுப் பதன இயந்திரத்தில் காற்றை மிகவும் குளிர்வித்து, அது அப்படியே கூடத்துக்குள் போனால் எல்லோரும் நடுங்குவார்கள் என்பதால் மின்சார ஹீட்டரால் மறுபடி சூடாக்கி அனுப்புகிறோம். ஒரே காற்றைக் குளிர்விக்கவும் காசு, சூடாக்கவும் காசு. எங்கள் மின்கட்டணத்தின் கதை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது என்பது என் சந்தேகம்.

மே 12

பார்வையாளர்கள் வெளியேறிய பிறகு, மூத்த ஏ.சி. மெக்கானிக்கோடு ஏ.எச்.யூ. அறைகளை இரவில் சுற்றிவந்தேன். பகலில் நூற்றுக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் மூச்சுவிடும் கூடத்துக்கு வெளிக்காற்று தேவை, மறுக்க முடியாது. ஆனால் இரவிலும் வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் கதவுகள் அதே அளவு திறந்திருந்தன. யாரும் மூச்சுவிடாத கூடத்துக்குள் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்து, பிறகு அதே ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றிக்கொண்டிருந்தது இயந்திரம். “டேம்பர் மோட்டார் போய் ரொம்ப நாள் ஆச்சு சார், கையாலதான் வெச்சிருக்கோம்” என்றார் அவர். புதிய மோட்டார்களும் கரியமில வாயு அளவைப் பார்த்துத் திறந்து மூடும் சென்சார்களும் வாங்கக் குறிப்பு எழுதினேன். இந்தத் திட்டத்தில் இதைவிட மலிவான வேலை வேறு இருக்காது.

மே 21

இன்று, காட்சிப்பொருள்களைக் கெடாமல் காக்கும் கன்சர்வேஷன் பிரிவின் தலைவரோடு மாலை வரை பேச்சு. ஈரப்பதத்துக்கு 50-இல் 5 கூட்டிக் குறைத்து என்ற வரம்பை எல்லா அறைகளுக்கும் ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். “நான் சேரும்போதே அப்படித்தான் இருந்தது” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அதன் வரலாறு அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களை வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ச் சீரான ஈரப்பதத்தில் வைத்தார்கள். அங்கே வண்ணம் உரிவது வெகுவாகக் குறைந்தது; போர் முடிந்து லண்டன் திரும்பியதும் மறுபடி கூடியது. சீரான நிலை நல்லது என்ற அந்தப் பாடம், காலப்போக்கில் ஒரு குறுகிய எண் வரம்பாக உறைந்து, குளிர்நாட்டுக் கட்டடங்களிலிருந்து நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது அந்த வரம்பை உருவாக்கியவர்களின் துறையே அதைத் தளர்த்திவிட்டது. 2014-இல் கன்சர்வேஷன் துறையின் இரு உலக அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இலக்குகள் அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பீசோ குழு, ஈரத்தை உறிஞ்சும் பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி, ஒரு நாளைக்குள் ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்கு மிகாமல் என்று வகுத்திருக்கிறது. ஈரப்பதம் 60 ஆகலாம் என்றால் பனிநிலை 13-க்குப் பதில் 16 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். அந்த மூன்று டிகிரியில்தான் எங்கள் ஹீட்டர்களின் பெரும்பகுதி வேலை ஒளிந்திருக்கிறது. சில்லர் தண்ணீரையும் சற்றுக் கூடுதல் சூட்டில் ஓடவிடலாம்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, அது சரியும்கூட. ஓலைச்சுவடி 50-க்குக் கீழே போகப் போக மொடமொடப்பாகி நூல் துளையருகே பிளக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, துணி, சுண்ணப் பூச்சு, தங்கத் தகடு ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விரிந்து சுருங்குவதால், எண் எதுவாக இருந்தாலும் அது திடீரென்று மாறக் கூடாது. வெண்கலமோ வேறு வழக்கு. மண்ணுக்குள் நெடுங்காலம் புதைந்து கிடந்த சிலைகளுக்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு, வெளிர் பச்சைப் பொடியாக உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். 1930-களில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் சிலைகளைச் சுத்தம் செய்தது அந்த உப்பை எதிர்த்த போரின் பகுதிதான்.

ஆகவே சுவடிக்கு நல்லது சிலைக்குக் கேடு. இருவருக்கும் பொதுவாக 50 என்று வைத்தது யாருக்கும் நியாயம் செய்யாத சமரசம் என்பதே என் வாதம். நோயுள்ள வெண்கலங்களுக்கு மட்டும் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் தந்துவிட்டால், ஒரு பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் காப்பதற்காக ஒரு முழுக் கூடத்தையும் உலர்த்த வேண்டியதில்லை. தளர்ந்த வரம்பை ஒரே ஒரு சேமிப்பறையில், ஈரப்பதத்தைத் தானே பதிவுசெய்யும் டேட்டா லாகர்களை வைத்துச் சோதிக்கலாம் என்ற இடத்தில் முடிந்தது பேச்சு.

ஜூன் 5

லாகர்கள் வைத்தாயிற்று. பராமரிப்புப் பிரிவு வைத்த லாகரை கன்சர்வேஷன் பிரிவு நம்பாது, அவர்கள் வைத்ததை நாங்கள் நம்பமாட்டோம் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டாக வைத்திருக்கிறோம்.

ஜூன் 19

பழைய கட்டடத்தின் வடக்கு அறையில் சுவர் அடியில் பூச்சு உப்பிக் கொட்டுகிறது. அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டப்பட்டது. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பதித்த பழைய கூரை. பின்னாளில் யாரோ உள்பக்கம் சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரம் கூடும்போது வாங்கிக்கொண்டு, குறையும்போது திருப்பித் தரும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, தரையிலிருந்து ஏறிய ஈரம் சுவருக்குள்ளேயே நின்று உப்பாக வெளித்தள்ளுகிறது. இங்கிலாந்தில் ரௌட்டன் என்ற இடத்தில் சயின்ஸ் மியூசியம் குழுமம் தன் சேமிப்புக் கட்டடம் ஒன்றின் சுவரைச் சணல்வகைச் செடித் தண்டும் சுண்ணாம்பும் கலந்து கட்டி, ஈரப்பதத்தைச் சமன்செய்யும் வேலையின் ஒரு பகுதியைச் சுவரிடமே ஒப்படைத்திருக்கிறது. அதை நவீனம் என்று கருத்தரங்குகளில் கைதட்டுகிறோம். அதே வேலையைச் செய்துகொண்டிருந்த நம் சுவருக்குச் சிமென்ட் பூசி வாயை அடைத்திருக்கிறோம்.

சிமென்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசச் செட்டிநாட்டுப் பக்கத்துக் கொத்தனார்களை அழைக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். கணக்குப் பிரிவு இதை அழகுபடுத்தும் செலவு என்று நினைக்கும். எனக்கு இது மின்சாரச் சேமிப்பு.

ஜூலை 3

புறநகர்ச் சேமிப்புக் கட்டடம். அங்கே மத்திய குளிர்சாதனம் இல்லை, ஸ்பிளிட் ஏ.சி.கள் இரவும் பகலும் ஓடுகின்றன. பாதியில் இன்னும் ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயு. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வகை வாயுக்களைப் புதிய சாதனங்களில் இந்தியா கைவிட்டுவிட்ட நிலையில், ஒவ்வொரு கசிவுக்கும் மறுபடி நிரப்பிக்கொண்டே இருப்பது வீண். அந்த வாயு வெளியேறினால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரத்து எழுநூறு மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும். எத்தனை யூனிட் சேமித்தோம் என்று கணக்குக் காட்டிவிட்டு, ஒரு சிலிண்டர் வாயுவைக் காற்றில் விடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

அதைவிட எனக்குத் தூக்கம் கெடுப்பது தீ. 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அதன் உரையரங்கில் இருந்த ஒரு ஏ.சி. சாதனத்தில் தீ தொடங்கியது என்று விசாரணை கண்டது. தொலைவான கதை என்று தள்ளவும் முடியாது: சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலை 2012 ஜனவரியில் தீ விழுங்கியதை நாமே பார்த்தோம். சேமிப்பறைக்குள் இருக்கும் ஸ்பிளிட் யூனிட்களை நீக்கிவிட்டு, சுவருக்கு வெளியே, காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் டெசிகன்ட் டிஹியூமிடிஃபையர் வைத்து உலர்ந்த காற்றைக் குழாய்வழி உள்ளே அனுப்பலாம். பொருள்களே இருக்கும், ஆட்கள் அரிதாகவே போகும் அறைக்குக் குளிர் எதற்கு? உலர்ந்தால் போதும்.

ஜூலை 24

சூரிய மின்தகடு. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என் பட்டியலில் இது கடைசிப் பகுதியில் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் மேல் சட்டங்களை ஊன்றித் துளைபோட நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். இணைப்புக் கட்டடத்தின் கான்கிரீட் மாடியும் வாகன நிறுத்தக் கூரையும் போதும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். சென்னை வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். தேவையற்ற ஹீட்டருக்கு மின்சாரம் தருவதற்காகத் தகடு பதிப்பதைவிட ஹீட்டரை அணைப்பது முந்தி.

ஆகஸ்ட் 13

இன்று பிளம்பர்களோடு ஒரு நல்ல வேலை. காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர் ஏ.எச்.யூ. தட்டிலிருந்து இத்தனை காலமும் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒரு கன மீட்டர் வெளிக்காற்றைச் சென்னையின் ஈரத்திலிருந்து எங்கள் தேவைக்கு உலர்த்தினால், மணிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் சொட்டுகிறது. உப்பே இல்லாத தண்ணீர். சில்லரின் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குழாய்களைச் சேர்த்து ஒரு சிறு சம்ப்புக்குத் திருப்பிவிட்டோம். குடிக்கும் தண்ணீர் அல்ல என்ற பலகையும் மாட்டச் சொன்னேன். 2019 கோடையில் ஏரிகள் நான்கும் வறண்டு லாரிக்காகக் காத்துக்கிடந்தவர்களுக்கு, மாடியிலிருந்தே சொட்டும் இந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட மனம் வராது.

செப்டம்பர் 17

மழைக்கு முந்தைய வேலை: மாடி நீர்த்தாரைகளில் அரச மரக் கன்றுகளைப் பிடுங்குதல், வடிகுழாய் அடைப்பு நீக்குதல், மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் மணலும் ஜல்லியும் மாற்றுதல். தரைமட்டத்தில் இருந்த மின்பலகை இப்போது மேடையில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதற்கு விளக்கம் சொல்லவேண்டி வரவில்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 29

மழை பிடித்துக்கொண்டது. சோதனை அறையின் வளைகோட்டை இரு பிரிவுகளும் சேர்ந்து பார்த்தோம். ஈரப்பதம் 50-களின் மேற்பகுதியில் மெதுவாக ஏறி நிற்கிறது; ஒரு நாளுக்குள் துள்ளல் எங்கேயும் இல்லை. பழைய வரம்பில் ஓடும் பக்கத்து அறையிலோ, ஹீட்டரும் குளிர்சுருளும் மாறி மாறி இழுப்பதால் கோடு ரம்பப் பல்லாக இருக்கிறது. குறுகிய வரம்பை நோக்கி ஓயாமல் இழுத்ததே பொருளுக்கு அலைச்சலாக இருந்திருக்கிறது. கன்சர்வேஷன் தலைவர் அச்செடுத்த தாளில் வண்ணப் பென்சிலால் இரண்டு கோடுகளையும் தனித்தனியே வரைந்து பார்த்துவிட்டு, ஓவியச் சேமிப்பறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பூஞ்சை வரும் எல்லையான 65-ஐ நெருங்கினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை, நியாயமானது, ஏற்றேன்.

நவம்பர் 12

வெண்கலப் பெட்டிகளுக்கான டெண்டர் விதிகளை இன்று முடித்தோம். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற வழக்கமான விதியோடு இங்கே போனால், ரப்பர் பட்டை வைத்த அலமாரி ஒன்று வந்து சேரும். அதனால் பெட்டிக்குள் காற்று எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை எங்கள் முன்னிலையில் அளந்து காட்டிய பிறகே பணம் என்றும், சிலிக்கா ஜெல்லைச் சிலையைத் தொடாமல் அடித்தட்டிலிருந்தே மாற்ற வழி இருக்க வேண்டும் என்றும், பெட்டி செய்யும் பலகையும் பசையும் அமில ஆவி விடாதவையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினோம். மூன்றாவது விதியை கன்சர்வேஷன் தலைவர் தன் கையாலேயே எழுதினார். ஜெல்லை உலர்த்தும் அடுப்பைச் சூரிய மின்சாரம் வரும் நண்பகலில் மட்டும் இயக்க வேண்டும் என்ற நான்காவது விதி என்னுடையது. அது டெண்டருக்குள் வராது என்று கணக்கு அதிகாரி வெட்டிவிட்டதால், எங்கள் பராமரிப்புக் கால அட்டவணையில் சேர்த்துவிட்டேன்.