பர்க்ளரி கேள்வியா? முதலில் உள்ளே நுழைந்த கணத்தைப் பாருங்கள்

ஆங்கிலக் குற்றவியல் சட்டத் தேர்வில் பர்க்ளரி (திருட்டு போன்ற குற்றத்துக்காகக் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைவது, அல்லது அப்படி நுழைந்து குற்றம் செய்வது) வந்தால் பலரும் நேரே திருட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு வரிசை. ஆள் உள்ளே நுழைந்த அந்தக் கணத்தை முதலில் பிடிப்பேன். அப்போது அவருக்கு அனுமதி இருந்ததா, இல்லையென்றால் அது அவருக்குத் தெரியுமா என்று கேட்பேன். 1968 திருட்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் (அ), (ஆ) இரண்டுக்கும் அத்துமீறிய நுழைவுதான் வாசல். திருடுவது போன்ற குற்ற நோக்கம் நுழையும்போதே இருந்தால் (அ). நுழைந்த பிறகு திருடினால், திருட முயன்றால், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் அல்லது விளைவிக்க முயன்றால் (ஆ).

காலின்ஸ் (1973) வழக்கை ஊன்றிப் படியுங்கள். ஏணியில் ஏறி ஜன்னலில் நின்ற காலின்ஸைத் தன் காதலன் என்று நினைத்து, அறையில் இருந்த பெண் உள்ளே வரச் சைகை காட்டினார். அந்த நேரத்தில் காலின்ஸ் ஜன்னல் விளிம்புக்கு வெளியே இருந்தாரா, உள்ளே வந்துவிட்டாரா? மொத்த வழக்கும் அதில்தான் நின்றது. அத்துமீறுகிறோம் என்று தெரிந்தோ, அந்த அபாயத்தைப் பொருட்படுத்தாமலோ நுழைந்திருக்க வேண்டும் என்பதை ஜூரிக்குச் சரியாக விளக்காததால் தண்டனை ரத்தானது. வீடு தாயாருடையது, மகள் எப்படி அழைக்கலாம் என்ற வாதமும் எடுபடவில்லை. இதை எழுதுபவர்கள் குறைவு, நீங்கள் எழுதுங்கள்.

எவ்வளவு உடல் உள்ளே போனால் நுழைவு என்பதற்கு ஒரு பத்தி போதும். ரயன் (1996) வழக்கில் தலையும் வலது கையும் மட்டும் உள்ளே போய் ஜன்னலில் மாட்டிக்கொண்டவரும் நுழைந்தவர்தான். அனுமதி கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் வாக்கிங்டன் (1979): கடைக்குள் வர எல்லோருக்கும் அனுமதி உண்டு, கல்லாப்பெட்டி இருக்கும் கவுன்ட்டருக்குள் போக இல்லை.

உண்மையான சிக்கல் ஸ்மித் அண்ட் ஜோன்ஸ் (1976). அப்பா வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற அனுமதி பெற்ற மகன், நண்பனோடு இரவில் வந்து இரண்டு டிவிகளைத் தூக்கினான். கொடுத்த அனுமதியை மீறுகிறோம் என்று தெரிந்தே நுழைந்ததால் அத்துமீறல் என்றது நீதிமன்றம். அப்படியானால் திருடும் எண்ணத்தோடு கடைக்குள் வரும் ஒவ்வொருவரும் பர்க்ளரிக் குற்றவாளியா? தர்க்கப்படி ஆம். அனுமதியின் எல்லை இவ்வளவு தூரம் நீள்வது சரியில்லை என்பது என் கருத்து. காலின்ஸ், ஸ்மித் அண்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு தீர்ப்புகளையும் எதிரெதிரே வைத்து உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லுங்கள். நுழையும்போதே அந்த எண்ணம் இருந்ததை நிரூபிப்பது கடினம் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.