டார்ச் வெளிச்சத்தில் ஒரு யானை

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தப் புடைப்புச் சிற்பங்களைப் படமெடுக்கும் வேலை. கல்யாண வீடுகளில் யார் முகத்திலும் நிழல் விழாமல் எடுத்தே பழகியவன் நான், அதே பழக்கத்தில் கல்லுக்கு நேர் எதிரே இரண்டு பெரிய விளக்குகளை வைத்தேன். முதல் நாள் படங்கள் அத்தனையும் தட்டையாக வந்தன. கல் தெரிந்தது, சிற்பம் தெரியவில்லை.

காவலுக்கு இருந்த பெரியவர்தான் சொன்னார்: "ஒரு தடவை கரண்ட் போனப்ப டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சேன் தம்பி. அந்த ஆனை எழுந்து வர்ற மாதிரியே இருந்துச்சு."

அவர் சொன்னது நளகிரியை. புத்தரைக் கொல்ல அவருடைய உறவினன் தேவதத்தன் ராஜகிருகத் தெருவில் ஏவிவிட்ட மத யானை, கி.பி. 2ஆம் நூற்றாண்டு வேலை, முழுக்கதையும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறது. முன்விளக்குகளை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓரமாக, வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைத்தேன். இடது பக்கம் ஆட்களைச் சிதறடித்துக்கொண்டு வருகிறது யானை. வலது பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. நடுவில் பிரிக்கிற கோடு எதுவும் கிடையாது. மேலே மாடங்களிலிருந்து பார்க்கிறவர்கள் அதுவரை எனக்கு வெறும் மேடுபள்ளம், இப்போது ஆளாளுக்கு ஒரு முகம்.

யோசித்தால் இது இயல்புதான். அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த வேலியில் இந்தக் கற்கள் வெட்டவெளியில் நின்றவை. காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று வெயில் சாய்வாகப் பட்டிருக்கும். செதுக்கியவர் நிழலையும் கணக்கில் வைத்தே உளியைப் பிடித்திருப்பார் என்று நம்புகிறேன்.

1797இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் மெக்கன்சி அமராவதிக்குப் போனபோதே ஊர் கட்ட இந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கல் என்பதால் காளவாயில் போட்டு எரித்ததும் நடந்திருக்கிறது. எத்தனை முகங்கள் நீறாகிச் சுவரில் பூசப்பட்டனவோ, நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. 1845இல் மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்தவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டன் போய்விட்டது. அப்புறமும் இங்கே இருக்கிற இந்த யானையைத்தான் நான் சப்பையாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகவிருந்தேன்.

பெரியவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி தம்பி, நேத்து எடுத்ததெல்லாம்?" என்றார்.

மறுநாள் முதல் கல்லிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன், ஒரே ஒரு விளக்கோடு.